ஒரு பிரேமும் நாற்பத்து மூன்று கருத்துகளும்

மனித குலம் எடுத்த முடிவுகளால் விளைந்த கேடுகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எடுக்காமல் விட்ட முடிவுகளால் விளைந்த நன்மைகளைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இந்த வரலாறு எழுதப்படுகிறது. இதன் நாயகர் இருபத்திரண்டு ஆண்டு அலுவலக வாழ்க்கையில் ஒரு தவறான முடிவுகூட எடுத்தவர் அல்ல. சரியான முடிவும் எடுத்ததில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் எல்லாரும் பதவி உயர்வு கிடைக்காதவர்கள்.

அலுவலகத்தில் அவரைக் 'கமிட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மூன்றாம் மாடியில் கருத்தறியும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஒரு கோப்பு அவரிடம் வந்தால், அதோடு தொடர்புள்ள எல்லாருக்கும் ஒரு படிவம் போகும். படிவங்கள் திரும்பி வந்ததும், வந்த கருத்துகளின் மேல் கருத்துக் கேட்டு இன்னொரு படிவம் போகும். மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது என்று வந்த புகார் அவர் மேஜையில் ஆறு ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. ஏழாம் ஆண்டு கைப்பிடியே கழன்று விழுந்துவிட்டதால் புகார் தானாகத் தீர்ந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் முதல் நாள் சொல்லும் பாடம் இதுதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையின் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது.

சைக்கிள் அவர் மனைவியுடையது. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறு மணிக்குக் கூடத்தின் கதவைத் திறப்பது அவள் பொறுப்பு. 'வெறும் வயிற்றோடு வரவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் அதற்கு முன்பே வந்து, வாசல் பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே, மாற்றலாகிப் போன ஒரு டாக்டரம்மாவிடம் அவள் வாங்கிய பழைய சைக்கிள் அது. பத்தொன்பது வருடமாகப் பதினைந்து நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதன் பிரேம் டைட்டானியம் என்பது அவளுக்குத் தெரியாது. தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏற முடிகிறது என்பது மட்டும் தெரியும். பார்வைக்கு அது பல வருடம் அடுப்பில் கிடந்த பாத்திரம் போல மங்கி, கீறி, எழுத்தெல்லாம் அழிந்து இருந்தது.

மனைவி தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்த சமயத்தில்தான் கமிட்டியின் கைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அதே மாதிரி சைக்கிள். 'பழைய டைட்டானியம் அன்பர்கள்' என்ற குழுவில், பதினோராயிரம் பேர் அதைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். கமிட்டிக்கு நெஞ்சில் அன்பு பொங்கியது. இதில் கிண்டல் இல்லை, உண்மையாகவே பொங்கியது. அடுத்த மாதம் மனைவிக்குப் பிறந்த நாள். அதற்குள் வண்டிக்குப் புது வண்ணம் அடித்து அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். உடனே சைக்கிள் கடைக்காரரை வரவழைத்தார். அவர் நாற்பதே நிமிடத்தில் வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்.

யோசித்துப் பார்த்தால், கமிட்டி தன் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம் இதுதான். அந்தத் தவறை அவர் அன்றைக்கே உணர்ந்தார். வண்ணம் அடிக்கலாமா, வேண்டாமா என்று குழுவில் ஒரு கேள்வியைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் 'யோசிக்காம அடிங்க' என்றார்கள். மீதிப் பேர் 'அடிச்சா நீங்க மனுஷனே இல்ல' என்றார்கள். கமிட்டிக்கு இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் இவ்வளவு அருமையான கோப்பு கிடைத்ததே இல்லை.

ஊரிலிருந்து வந்த மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, என் வண்டி எங்க?"

"உன் பிறந்த நாளுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. பெயிண்ட் அடிக்கலாம்னு."

அவள் முகம் மலர்ந்தது. "அட! எப்ப வரும்?"

"அடிக்கலாமா வேண்டாமான்னு நாலு பேரைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"சரி, நாளைக்குக் காலையில நான் எதுல போறது?"

"அது வேற விஷயம்மா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

ஒரு விஷயத்தை இன்னொரு விஷயத்திலிருந்து இவ்வளவு சுத்தமாகப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மறுநாள் அவள் நடந்து போனாள். ஐம்பது நிமிடம்.

அதன் பிறகு நான்கு மாதம். பிறந்த நாள் வந்தது, போனது. முன்னறையில் திரைச்சீலைக் கம்பியிலிருந்து பிரேம் கயிற்றில் தொங்கியது. சக்கரங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. சங்கிலி குளியலறையில் ஒரு வாளி மண்ணெண்ணெயில் ஊறியது. பெடல்கள் வெங்காயக் கூடையில் கிடந்தன. மனைவி காலை நான்கு மணிக்கு எழுந்து பழகினாள். முழங்காலுக்குத் தைலம் வாங்கினாள். 'இந்த வாரம் முடிஞ்சிடும்' என்று கமிட்டி வாரா வாரம் சொன்னார், ஒரு வாரம்கூடத் தவறாமல். ஒரு முறை அவள் சைக்கிள் கடைக்காரரிடமே போய்க் கேட்டாள். 'முடிவு வரும்வரை யாரும் கைவைக்கக் கூடாது' என்று கமிட்டி எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் எடுத்துக் காட்டினார்.

கமிட்டிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. ஓட்டத் தெரிந்தவருக்கு ஆசாபாசம் இருக்கும், எங்கேயாவது போக வேண்டும் என்று தோன்றும். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இவ்வளவு நடுநிலையோடு இந்தப் பிரச்சினையை அணுக முடிந்தது.

மொத்தம் நாற்பத்து மூன்று பேருக்குப் படிவம் போனது. அலுவலகத்தில் அவருடைய உதவியாளர், 'ரெண்டுமே சரிதான் சார்' என்று எழுதிக் கொடுத்து அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் சான்றிதழைப் பெற்றார். பல் டாக்டர் ஒருவர், கமிட்டியின் வாய் திறந்திருக்கும்போதே கருத்துச் சொன்னார். மனைவியின் தம்பி 'சிவப்பு' என்று மட்டும் எழுதினான். கேள்வியை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அவனுக்கு இரண்டாவது படிவம் போனது. அதில் 'நல்ல சிவப்பு' என்று எழுதினான்.

பெயிண்டர் மட்டும் நேரில் வந்தார். பிரேமை நகத்தால் தட்டிப் பார்த்தார். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

"சார், இது டைட்டானியம். துருவே பிடிக்காது. மழை, வெயில் எதுவும் இத ஒண்ணும் பண்ணாது. பெயிண்ட் எதுக்கு?"

"அப்ப வேண்டாம்னு எழுதிக்கட்டுமா?"

"அடிச்சாலும் அடிக்கலாம். முதல்ல நல்லா உரசி எடுக்கணும். ஒட்டுறதுக்குன்னு ஒரு பூச்சு இருக்கு, அதப் போடணும். அதுக்கு மேலதான் கலர். இல்லன்னா தோல் உரியற மாதிரி உரிஞ்சி வந்துடும். ரெண்டு நாள் வேலை."

"அப்ப அடிக்கலாம்."

"அடிக்கலாம்."

"வேண்டாம்னும் சொன்னீங்களே?"

"வேண்டாம்தான். உங்களுக்கு ஆசையா இருந்தா அடிக்கலாம்."

"எனக்கு ஆசையா இருக்கா இல்லையான்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

 பெயிண்டர் வண்ண அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். இறங்கும்போது ஏதோ முணுமுணுத்தார். அது கருத்தா, வேறு ஏதாவதா என்று திட்டமாகத் தெரியாததால் கமிட்டி அதைப் பதிவு செய்யவில்லை. வண்ண அட்டையில் 'விடியல் நீலம்' என்றும் 'வைகறை நீலம்' என்றும் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதிலேயே பதினோரு நாள் போயிற்று.

ஒரு சாயங்காலம் மனைவி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். செருப்பு வார் அறுத்த இடத்தில் காலில் ஒட்டுத்துணி போட்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து நான் பதினஞ்சு நிமிஷம் லேட். ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர், ராத்திரியிலேர்ந்து பட்டினி. பெஞ்சிலேயே மயங்கிச் சாஞ்சுட்டார்."

"அடடா! இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். ஆனா மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இதோட மூணு தடவ ஆச்சு. இன்னும் ஒரு நாள் லேட்டானா கதவுச் சாவிய வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்களாம். என்ன மத்தியான ஷிஃப்டுக்கு, பிரிண்டர் பக்கத்துல, ரிப்போர்ட்டக் கவர்ல போடுற வேலைக்கு மாத்திடுவாங்களாம்." அவள் காலில் இருந்த ஒட்டுத்துணியின் ஓரத்தை அழுத்திவிட்டுக்கொண்டாள். "பத்தொம்பது வருஷமா அந்தக் கதவ நான்தாங்க திறக்கிறேன். நரம்பு கிடைக்காதவங்க எல்லாம் என்னத் தேடித்தான் வராங்க."

கமிட்டியின் கண்கள் கலங்கிவிட்டன. கல் மனம் படைத்தவர் அல்ல அவர். உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வண்டி விஷயமாக ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஏழாவது பொருளாகச் சேர்த்தார். 'பிற' என்ற தலைப்பின் கீழ்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்னறையில் 'இறுதிக் கூட்டம்' கூடியது. கமிட்டி, உதவியாளர், பெயிண்டர், மைத்துனன். ஐந்தாவதாக, டைட்டானியம் அன்பர்கள் குழுவிலிருந்து ஒரு நிபுணர். குழுவில் அவருக்குப் 'பழமை' என்று பெயர். வெள்ளைக் கையுறையும் பூதக்கண்ணாடியுமாக வந்தவர், தொங்கிக்கொண்டிருந்த பிரேமின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தொடாதீங்க," என்றார், யாரும் தொடாதபோதே. "இந்தக் கீழ்க்குழாயப் பாருங்க. ஒரே சீரான தேய்மானம். மலைப் பந்தயத்துல கல்லு தெறிச்சுத் தெறிச்சு வந்தது."

உதவியாளர் 'மலை' என்று குறித்துக்கொண்டார்.

"இங்க ஒரு நீளக் கீறல். போட்டியாளர் ஒருத்தர் உரசிக்கிட்டே முந்தியிருக்கார். என்ன வேகம், என்ன ஆவேசம்!"

டீத் தட்டோடு வந்த மனைவி வாசலில் நின்றாள். "தேய்ஞ்சது பூட்டுச் சங்கிலியாலங்க. தினம் லேப் கேட்டுல கட்டுவேன். கீறல் வந்தது பீரோவால. இவர் அத ஏத்தச் சொன்னப்ப, மாடிப்படி வளைவுல நின்ன வண்டிய நகர்த்தாமலே ஏத்தினாங்க."

நிபுணர் பரிவோடு சிரித்தார். "அம்மா, உபயோகிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

கமிட்டியும் தலையசைத்தார். நிபுணரையே எதிரில் வைத்துக்கொண்டு, வெறும் தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்பது சபை மரியாதை ஆகாது. விவாதம் சூடு பிடித்தது. வண்ணம் அடித்தால் வரலாறு மறையும் என்றார் நிபுணர். வரலாறு அசிங்கமா இருக்கு என்றான் மைத்துனன். இரண்டும் சரிதான் என்றார் உதவியாளர். எதாவது ஒண்ணு பண்ணுங்க, நான் போகணும் என்றார் பெயிண்டர். பாதி பிரேமுக்கு அடித்து, மீதியை விட்டுவிடலாமா என்று ஒரு சமரசத் திட்டமும் எழுந்தது. எந்தப் பாதி என்பதில் அது உடைந்தது.

அப்போது நிபுணர் எழுந்து நின்றார். "இந்த வண்டிக்கு இருக்கிற உண்மையான ஆபத்து என்னன்னு யாராவது யோசிச்சீங்களா? பெயிண்ட் இல்ல. ஓட்டுறது. ஓட்டினா தேயும். மழையில நனையும். யாராவது பூட்டுச் சங்கிலி போட்டுக் கட்டுவாங்க. இத ஒரு கண்ணாடிப் பெட்டியில வெச்சு, நம்ம குழுவோட கண்காட்சிக்கு அனுப்புங்க. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது."

 கமிட்டிக்கு உடம்பு புல்லரித்தது. அடிப்பதா, வேண்டாமா என்ற கேள்வியையே கேட்க வேண்டாத கேள்வி ஆக்கிவிட்டாரே இந்த மனிதர்! 'மேற்படி வண்டியை இனி எவரும் ஓட்டலாகாது' என்ற தீர்மானம் நான்கு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. மைத்துனன்கூடக் கையைத் தூக்கினான், பெட்டியாவது சிவப்பாக இருக்கட்டும் என்று.

"அப்ப நாளைக்குக் காலையில நான் எதுல போறது?" என்றாள் மனைவி.

"அது ஏழாவதும்மா. நாம இன்னும் ரெண்டாவதுலதான் இருக்கோம். நேரம் இருந்தா எடுத்துக்கலாம்."

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் தண்ணீரும், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் இருந்தன. நேராகப் போய்க் கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். பிரேமை மடியில் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரே போக்காக, மேலிருந்து கீழாக, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஐயோ! முப்பது வருஷ வரலாறு!" என்று நிபுணர் அலறினார்.

"அதுல பத்தொம்பது என்னுதுங்க. மிச்சத்த டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கோங்க."

தேய்த்த இடமெல்லாம் மங்கல் போய், பட்டு மாதிரி மெல்லிய வெளிச்சம் ஒன்று எழும்பி வந்தது. சின்னக் கீறல்கள் காணாமல் போயின. பெரிய கீறல்கள் இருந்தன, ஆனால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பெயிண்டர் முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம்மா. இந்த மெட்டலுக்கு இவ்வளவுதான் வேணும்."

கமிட்டி திகைத்துப் போனார். "இத ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?"

"உங்க படிவத்துல அடிக்கலாம், வேண்டாம்னு ரெண்டு கட்டம்தான் சார் இருந்துச்சு. தேய்க்கலாம்னு கட்டமே இல்ல."

மனைவி பிரேமைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெங்காயக் கூடையிலிருந்து பெடல்களை எடுத்துப் பையில் போட்டாள். "டேய், சக்கரத்த எடுத்துக்கிட்டு வா," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். தீர்மானத்துக்குத் தூக்கிய அதே கையால் அவன் சங்கிலி வாளியையும் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் ஓடினான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சைக்கிள் கடைக்காரர் கடிதத்தை எடுத்துக் காட்டவில்லை என்று அவன் பிற்பாடு சொன்னான்.

கூட்டம் தொடர்ந்து நடந்தது. பிரேம் இல்லாததால் கவனம் சிதறவில்லை என்று நிபுணரே பாராட்டினார்.

மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் மணிச் சத்தம் கேட்டது. கமிட்டி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மனைவி வண்டியை ஒரு வட்டம் அடித்து நிறுத்திவிட்டு, காற்றில் கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான். அது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ரொம்ப வலிக்கவும் செய்தது.

அவள் மேலே வந்ததும் கேட்டேவிட்டார். "எல்லாம் சரிம்மா. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவள் கோபப்படவில்லை. முழங்காலை நீவிக்கொண்டே கேட்டாள். "நாப்பத்து மூணு பேரக் கேட்டீங்களே, அதுல நான் எத்தனாவது ஆளுங்க?"

கமிட்டி நேர்மையானவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பை எடுத்தார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை விரல் வைத்துத் தேடினார். பல் டாக்டர் இருந்தார். பல் டாக்டரின் மாமனார் இருந்தார். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் இருந்தார். கூட்டக் குறிப்பின் கடைசி வரியில் 'தேநீர்: ஐந்து கப்' என்று இருந்தது. கப் எத்தனை என்பது இருந்தது. கொடுத்தது யார் என்பது இல்லை.

விரல் அங்கேயே நின்றது. இப்படி ஒரு குளறுபடி அவர் பிரிவில் நடந்ததே இல்லை. ஆனால் தவறை உணர்ந்த கணமே திருத்திக்கொள்வதுதான் பெரியவர்களுக்கு அழகு. அன்று சாயங்காலமே நாற்பத்து நான்காவதாக ஒரு படிவம் தயாரித்து, 'மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரவும்' என்று முத்திரை குத்தி, அவள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

காலையில் அவர் எழுந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். ஆறடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது, கதவு இந்நேரம் திறந்திருக்கும். படிவம் மேஜையில் இருந்தது. கருத்தறியும் பிரிவின் வரலாற்றில் கெடுவுக்கு முன்பே திரும்பி வந்த முதல் படிவம் அதுதான். ரத்தக் குப்பிகளில் பெயர் எழுதி எழுதிப் பழகிய சின்னச் சின்ன, தெளிவான எழுத்து.

'வண்ணம் அடிக்கலாமா?' என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

'மேற்படி பொருளுக்கும் தங்களுக்கும் உள்ள தொடர்பு' என்ற இடத்தில், 'என்னுடையது' என்று எழுதியிருந்தாள்.

அதற்குக் கீழே, 'கருத்துக் கேட்பவருக்கும் தங்களுக்கும் உள்ள உறவு' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் பதில் எழுதியிருந்தாள்.

'இன்னும் முடிவு செய்யவில்லை.'